வெளிப்படுத்தின விசேஷம்: நம்ம ஊருல எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்லயே சொல்லிடுதேன், நான் பாஸ்டர் இல்ல, தியாலஜி காலேஜ் வாசல்படி மிதிச்சதும் இல்ல. மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட்) சபையில இருபது வருஷத்துக்கு மேல சண்டே ஸ்கூல் எடுக்கேன், அவ்வளவுதான். வீட்டுக்காரி தூத்தூர் பக்கத்து கடற்கரை கத்தோலிக்க குடும்பம், அதனால ரெண்டு பக்க கேள்வியும் எனக்கு வந்து சேரும். கன்வென்ஷன் சீசன் வந்தா போதும், மேடையில யாராவது பைபிளோட கடைசி புஸ்தகமான வெளிப்படுத்தின விசேஷத்த எடுத்து மிருகம், முத்திரை, அந்திக்கிறிஸ்துன்னு பேசிட்டுப் போயிடுவாங்க, மறுநாள் டீக்கடையில ஆளு நம்மள பிடிச்சு நிறுத்தி கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சதுல எழுதி வச்சது இது.

கேள்வி: இதுக்கு ஏன் "விசேஷம்"னு பேரு? கத்தோலிக்க பைபிள்ல வேற பேரு இருக்கே?

அங்க "திருவெளிப்பாடு". ரெண்டும் ஒரே புஸ்தகம்தான், 22 அதிகாரம். கிரேக்கத்துல இருக்கிற வார்த்தைக்கு மூடியிருக்கிறத திறந்து காட்டுறதுன்னு அர்த்தம், பயங்கர அழிவுன்னு அதுக்கு அர்த்தமே கிடையாது, அந்த அர்த்தம் பின்னால ஒட்டிக்கிட்டது. நம்ம பழைய மொழிபெயர்ப்புக்காரங்க போட்ட "விசேஷம்"ங்கிற வார்த்தை எனக்கு ரொம்ப பிடிக்கும். நம்ம ஊருல "வீட்டுல என்ன விசேஷம்"னு கேட்டா கல்யாணமான்னு அர்த்தம், இந்தப் புஸ்தகமும் 19ஆம் அதிகாரத்துல ஆட்டுக்குட்டியானவரோட கலியாண விருந்துலதான் போய் நிக்குது. பந்தல் போட்ட வீட்டுக்குள்ள போகப் பயந்துகிட்டு வாசல்லயே நிக்கிற மாதிரி இருக்கு நாம இத வாசிக்கிற லட்சணம்.

கேள்வி: யாரு எழுதினா, யாருக்கு எழுதினா?

யோவான்னு ஒருத்தர், பத்முன்னு ஒரு தீவுல இருந்து. அவரு அப்போஸ்தலன் யோவானா வேற யோவானான்னு ஆதி காலத்துல இருந்தே சண்டை இருக்கு, அதுக்குள்ள நான் போகல. டொமிஷியன்ங்கிற ரோம ராயன் (பேரரசன்) ஆண்ட கடைசி காலம், கி.பி. 95 வாக்குலன்னு பெரும்பாலானவங்க சொல்லுதாங்க, அவருக்கு முந்தி ஆண்ட ராயன் நீரோ செத்த உடனே 68, 69லயே எழுதியாச்சுன்னு சொல்றவங்களும் உண்டு.

யாருக்குங்கிறதுதான் முக்கியம். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா, இந்த ஏழு ஊரு சபைக்கு எழுதின கடிதம் இது. ஏழும் இன்னைக்கு துருக்கியில மேற்குப் பக்கம் இருக்கு. பெர்கமுல ராயனுக்கே கோயில் கட்டி கும்பிட்டாங்க, அந்த ஊருல அந்திப்பான்னு ஒருத்தர கொன்னாங்கன்னு 2ஆம் அதிகாரத்துல பேரு போட்டே வருது. இப்போ நீங்களே யோசிங்க, ராயன கும்பிடாததால கடையில வியாபாரம் போயி, பயந்து கூடி ஜெபிக்கிற ஒரு சின்ன சபைக்கு, இன்னும் 1900 வருஷம் கழிச்சு வரப்போற செல்போன் டவர பத்தி ஒருத்தர் கடிதம் எழுதுவாரா? எழுதினா அவங்களுக்கு என்ன ஆறுதல்? நமக்கும் அதுல சேதி இருக்கு, நான் மறுக்கல, ஆனா கடிதம் யாரு விலாசத்துக்கு வந்ததோ அவங்களுக்கு முதல்ல புரிஞ்சிருக்கணும்ல.

கேள்வி: எல்லாமே அடையாளம்னு சொல்லுதீங்க, அப்போ ஒண்ணும் நிஜம் இல்லையா?

இத கேக்குறவங்களுக்கு உள்ள பயம் எனக்குப் புரியுது. அடையாளம்னா பொய்னு அர்த்தம் இல்ல மக்கா. பேப்பர்ல கார்ட்டூன் வருதுல்ல, ஒரு நாட்ட கரடியா வரைவாங்க, ஒரு கட்சிய அது நிக்கிற சின்னமா வரைவாங்க, அத பாத்துட்டு எவனாவது காட்டுக்குள்ள கரடி தேடிப் போவானா? ஆனா கார்ட்டூன் சொல்ற விஷயம் நிஜம், சில நேரம் தலையங்கத்த விட நிஜம்.

புஸ்தகமே பல இடத்துல சாவிய கையில தந்துடுது. 1ஆம் அதிகாரத்துல குத்துவிளக்குன்னா சபை. 12ல வலுசர்ப்பம்னா பிசாசு, பழைய பாம்புன்னு பேரு சொல்லியே வருது. 17ல மிருகத்தோட ஏழு தலைன்னா ஏழு மலை, அந்தக் காலத்துல ஏழு மலை ஊருன்னு சொன்னா சின்னப்பிள்ளைக்கும் தெரியும் ரோமாபுரின்னு. நம்ம ஆளுங்க சாவி இருக்கிற பூட்ட கல்லால உடைக்காங்க.

கேள்வி: ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம், இதுல இப்போ நாம எத்தனாவதுல இருக்கோம்?

இந்தப் புஸ்தகத்துல மூணு வரிசையா, ஏழு ஏழா ஆபத்து வருது. அத பஸ் ஸ்டாப் எண்ணுற மாதிரி எண்ணாதீங்க. 6ஆம் அதிகாரத்துல ஆறாம் முத்திரை உடைக்கும்போதே வானம் சுருட்டின புஸ்தகம் மாதிரி போயிடுது, நட்சத்திரம் எல்லாம் விழுந்துடுது. அப்புறம் 8ல பாத்தா நட்சத்திரத்துல மூணுல ஒரு பங்கு இருட்டாகுதுன்னு வருது. விழுந்து போன நட்சத்திரம் எப்படி திரும்ப வந்துச்சு? வரிசைன்னு வச்சா இடிக்கும், ஒரே விஷயத்த மூணு தடவ சுத்திச் சுத்தி சொல்லுதாருன்னு வச்சா ஒட்டும்.

வில்லுப்பாட்டு கேட்டவங்களுக்கு இது கஷ்டமே இல்ல. அண்ணாவி ஒரு கட்டத்த பாடி முடிப்பாரு, குடத்துக்காரர் ஆமா போடுவாரு, திரும்ப அதே கட்டத்துக்கு வேற மெட்டுல வருவாரு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம் ஏறும். இந்தப் புஸ்தகமும் சபையில ஒருத்தர் சத்தமா வாசிக்க மத்தவங்க உக்காந்து கேக்க எழுதினதுதான், 1:3ல வாசிக்கிறவன் ஒருமையில இருக்கும், கேக்குறவங்க பன்மையில இருக்கும், போய் பாருங்க. சார்ட் போட்டு சுவத்துல மாட்ட எழுதினது இல்ல.

கேள்வி: நம்பர் எல்லாம் அப்படியே எடுக்கணுமா?

ஏழுன்னா நிறைவு. பன்னிரண்டுன்னா தேவ ஜனம், பன்னிரண்டு கோத்திரம், பன்னிரண்டு அப்போஸ்தலர். மூன்றரை வருஷம், 42 மாசம், 1260 நாள், மூணும் ஒரே கணக்குதான், ஏழுல பாதி. அதாவது தீமை எவ்வளவு ஆடினாலும் முழு ஏழு அதுக்குக் கிடைக்காது, பாதியில நிறுத்திடுவாங்க. தானியேல் புஸ்தகத்துல இருந்து வர்ற கணக்கு இது, அங்க அந்தியோகஸ்னு ஒரு ராஜா எருசலேம் ஆலயத்த தீட்டுப்படுத்தின காலத்தோட சேந்தது. 7ஆம் அதிகாரத்துல முத்திரை போட்ட தேவ ஜனத்தோட எண்ணிக்கையா வர்ற 1,44,000 என்பது 12ஐ 12ஆல பெருக்கி ஆயிரத்தால பெருக்கினது. அந்த லிஸ்ட்ல நம்ம பேரு வருமான்னு சீட்டு எண்ணுற மாதிரி பயப்படுறவங்களுக்கு அடுத்த கேள்விய வாசிங்க.

கேள்வி: யூதா கோத்திரத்துச் சிங்கம்னு சொல்லிட்டு ஏன் ஆட்டுக்குட்டி வருது?

இந்த ஒரு கேள்வி புரிஞ்சா பாதி புஸ்தகம் புரிஞ்ச மாதிரி, என்ன பொறுத்தவரைக்கும்.

5ஆம் அதிகாரத்துல ஏழு முத்திரை போட்ட சுருள திறக்க ஆளில்லாம யோவான் அழுறாரு. மூப்பர் ஒருத்தர் வந்து அழாத, யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயிச்சாச்சுன்னு சொல்லுதாரு. அது காதுல விழுந்தது. திரும்பிப் பாக்காரு, சிங்கம் எங்க? "அடிக்கப்பட்டவண்ணமாயிருக்கிற ஒரு ஆட்டுக்குட்டி" நிக்குது. கழுத்தறுத்த காயத்தோட நிக்குது. கேட்டது சிங்கம், கண்டது ஆடு. அதுக்கப்புறம் புஸ்தகம் முடியிற வரைக்கும் அந்த சிங்கம் திரும்ப வர்றதே இல்ல கேட்டியளா, ஆட்டுக்குட்டி மட்டும் இருபத்தஞ்சு தடவைக்கு மேல வருது. ஜெயம்ங்கிற வார்த்தைய யோவான் எடுத்து கசக்கிப் பிழிஞ்சு வேற அர்த்தத்துல காயப்போட்டுட்டாரு. கொன்னவன் ஜெயிக்கல, கொல்லப்பட்டவரு ஜெயிச்சாரு.

7லயும் இதே வித்தை. 1,44,000னு காதுல கேக்காரு, திரும்பிப் பாத்தா ஒருத்தரும் எண்ண முடியாத கூட்டம், எல்லா ஜாதி, எல்லா பாஷையில இருந்தும், வெள்ளை அங்கி போட்டுகிட்டு. சீட்டு கம்மின்னு பயப்பட ஒண்ணும் இல்ல.

அந்த வெள்ளை அங்கி வர்ற இடத்த நம்ம ஜில்லாவுல உக்காந்து வாசிக்கும்போது எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரும். இதே மண்ணுல நம்ம பாட்டிமாரு தோள மறைக்கக் கூடாதுன்னு தடுத்த காலம் இருந்துச்சு. 1822ல ஆரம்பிச்ச தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலை 26ல திருவிதாங்கூர் அறிக்கை வர்ற வரைக்கும் இழுத்துச்சு, அந்த அறிக்கையில கூட மேல்சாதிக்காரங்க மாதிரி போடக் கூடாதுன்னு ஒரு கொக்கி வச்சாங்க. துணிய சந்தையில வச்சு கிழிச்ச காலத்துல, ஒவ்வொருத்தருக்கும் பரலோகத்துல வெள்ளை அங்கி கொடுத்தாங்கன்னு 6ஆம் அதிகாரத்துல வாசிச்சா அந்தப் பொம்பளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்? இத விளக்க கமெண்டரி வேண்டாம்.

கேள்வி: 666 யாரு? ஆதார் கார்டா, பார்கோடா, ஜிபேயா?

13ஆம் அதிகாரத்துல மிருகத்தோட நம்பர் 666னு வருது. கொரோனா ஊசி போடும்போதும் இத கேட்டாங்க. ஆதார்ல 12 நம்பர், இந்தப் புஸ்தகத்துல 12 நல்ல நம்பர், அத யாரும் சொல்ல மாட்டாங்க. பார்கோடுல ரெண்டு ஓரத்துலயும் நடுவுலயும் இருக்கிற நீளக் கோடு 6 மாதிரி இருக்கும், ஆனா அது 6 இல்ல, மெஷினுக்கு எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு காட்டுற கோடு.

அந்தக் காலத்துல கிரேக்கத்துலயும் எபிரெயத்துலயும் நம்பருக்கு தனி எழுத்து கிடையாது, எழுத்தே நம்பர். நம்ம பழைய தமிழ்லயும் க ஒண்ணு, உ ரெண்டு, ரு அஞ்சு, ய பத்துன்னு இருந்ததுல்ல, அந்த மாதிரி. அதனால ஒரு பேர கூட்டி நம்பரா சொல்றது அவங்களுக்கு ஒரு விளையாட்டு. பொம்பேயி ஊரு சுவத்துல ஒருத்தன், நான் காதலிக்கிறவளோட நம்பர் 545னு கிறுக்கி வச்சிருக்கான், இன்னைக்கும் அவ யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இப்போ நேரோன் கேசர்னு எபிரெய எழுத்துல எழுதி கூட்டிப் பாருங்க: 50, 200, 6, 50, அப்புறம் 100, 60, 200. மொத்தம் 666. லத்தீன்காரங்க சொல்ற மாதிரி நேரோன்னு கடைசி எழுத்த விட்டுட்டா அம்பது குறையும், 616. எகிப்துல கிடைச்ச ஒரு பழைய பாப்பிரஸ் துண்டுல இந்த இடத்துல 616னேதான் இருக்கு. ரெண்டாம் நூற்றாண்டுலயே ஐரேனியுஸ்னு ஒரு ஆயர் 616னு எழுதின பிரதிகள் இருக்கு, அது தப்புன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு நம்பருக்கும் ஒரே ஆளு பொருந்துறது சும்மா இல்ல. "புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்"னு யோவான் எழுதினது அன்னைக்கு இருந்தவங்க கணக்கு பாக்க முடியும்னு நம்பித்தானே.

அப்போ நீரோவோட கத முடிஞ்சு போச்சான்னா, இல்ல. மிருகம்னா தன்னை கும்பிடச் சொல்ற எந்த அதிகாரமும்தான். அது வேஷம் மாத்திகிட்டு வந்துகிட்டே இருக்கும்.

கேள்வி: அப்போ நெத்தியிலயும் கையிலயும் முத்திரைன்னா என்ன?

13ல மிருகத்தோட ஆளுங்களுக்கு கையிலயோ நெத்தியிலயோ முத்திரை குத்துறாங்க. அது முடிஞ்ச உடனே 14:1 வாசிங்க. அங்க ஆட்டுக்குட்டியோட நிக்கிறவங்க நெத்தியிலயும் பிதாவோட பேரு எழுதியிருக்கு. அந்தப் பேர கண்ணாடியில பாத்திருக்கீங்களா? இல்லல்ல. ஒண்ணு கண்ணுக்குத் தெரியாததுன்னா மத்ததும் அப்படித்தான். தேவனோட வார்த்தைய கையில கட்டு, கண்களுக்கு நடுவுல வையின்னு உபாகமம் 6ல வருது, நீ எதை நினைக்கே, உன் கை எதைச் செய்யுதுங்கிறதுதான் விஷயம். லஞ்சம் வாங்குற கையில முத்திரை எப்பவோ குத்தியாச்சு, ஊசி போட்டுதான் குத்தணும்னு இல்ல.

கேள்வி: இரகசிய வருகை எப்போ? பஸ் ஓட்டுறவன் காணாம போனா பஸ்ஸு என்ன ஆகும்?

சுருக்கமா சொல்லுதேன், சண்டைக்கு வராதீங்க. இயேசு வந்து சபைய ரகசியமா பரலோகத்துக்கு எடுத்துட்டு அப்புறம் ஏழு வருஷ உபத்திரவம்ங்கிற வரிசை 1830கள்ல டார்பிங்கிறவர் மூலமா பரவினது, 1909ல வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு பைபிள் அத வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு. அதுக்கு முந்தின 1800 வருஷ சபைக்கு அந்த வரிசை தெரியாது. வெளிப்படுத்தின விசேஷத்துல அது இல்லவும் இல்ல, 1 தெசலோனிக்கேயர் 4:17ல இருந்து எடுக்காங்க. அங்க எதிர்கொண்டு போறதுன்னு ஒரு வார்த்தை இருக்கு. நம்ம சபைக்கு பிஷப் வந்தா என்ன செய்யுதோம்? ஜங்ஷன் வரைக்கும் பேண்டு வாத்தியத்தோட போயி எதிர்கொண்டு, அவர சபைக்கே கூட்டிட்டு வருதோம். அவரு காருல ஏறிகிட்டு அவரு வந்த ஊருக்கு நாம போயிடுறதில்ல. ராஜா வந்தா ஊரு ஜனம் வாசல தாண்டிப் போயி வரவேத்து உள்ள கூட்டிட்டு வர்றதுக்குத்தான் அன்னைக்கு அந்த வார்த்தைய சொல்லுவாங்க. நம்பறவங்க நம்புங்க, எங்க சித்தப்பா வீட்டுல எல்லாரும் அத நம்புறவங்கதான், ஒண்ணாத்தான் கிறிஸ்மஸ் சாப்பாடு.

கேள்வி: அர்மகெதோன் யுத்தம் இஸ்ரேல்லயா?

அர்மகெதோன்னா மெகிதோ மலைன்னு சொல்லுவாங்க. மெகிதோ நிஜமான இடம், சமவெளியில உள்ள ஒரு மேடு, பழைய காலத்துல நிறைய சண்டை நடந்த வழி. ஆனா 16:16ல ராஜாக்கள் கூடினாங்கன்னு வருது, சண்டை நடந்ததுன்னு ஒரு வரி கிடையாது. 19ல வெள்ளைக் குதிரையில வர்றவருக்கு கையில வாள் இல்ல, வாயில இருந்து வருது, அதாவது வார்த்தை. அவரோட அங்கி சண்டைக்கு முன்னாலேயே ரத்தத்துல தோய்ஞ்சிருக்கு. ஏசாயா 63ஐ வச்சு அது எதிராளி ரத்தம்னு சிலர் சொல்லுதாங்க, ஆட்டுக்குட்டிய பாத்தவனுக்கு அது அவரோட சொந்த ரத்தம்னுதான் படும். டிவியில டாங்கி ஓடினா உடனே அர்மகெதோன்னு ஸ்டேட்டஸ் போடுற அண்ணன்மாரே, அங்க சாகுறது பிள்ளைங்க, அதுக்கு அல்லேலூயா போடாதீங்க.

கேள்வி: ஜெயிச்சாச்சு ஜெயிச்சாச்சுன்னு சொல்லுதீங்க, அப்புறம் ஏன் இன்னும் இவ்வளவு அநியாயம் நடக்கு?

அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. விடியக்காலம் மூணு மணிக்கு தலையில லைட்ட கட்டிகிட்டு போவாரு, நானும் சின்ன வயசுல கூட போயிருக்கேன். ஒரு நாள் ஒரு அணலிப் பாம்ப தலையில ஒரே அடி, சிதைஞ்சு போச்சு. நான் கிட்டப் போனேன். லேய் தள்ளி நில்லுன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க. தலை போனப்புறமும் அது ரொம்ப நேரம் துடிச்சது, அந்த வாலு பட்டு பால் சிரட்டை ரெண்டு தெறிச்சது. செத்த பாம்பும் கடிக்கும்னு சொல்லி குழி தோண்டி புதைச்சுட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போனாரு.

12ஆம் அதிகாரம் அதத்தான் சொல்லுது. வலுசர்ப்பத்த மேல இருந்து தள்ளியாச்சு, அதனால பூமிக்கு ஐயோன்னு வருது, ஏன்னா தனக்குக் கொஞ்சக் காலம்தான்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு, அந்தக் கோபம். அதிகமா துடிக்கிறது அது பலமா இருக்கிறதால இல்ல. அதே அதிகாரம் 11ஆம் வசனத்துல அவங்க எப்படி அத ஜெயிச்சாங்கன்னு வருது: ஆட்டுக்குட்டியோட ரத்தம், அவங்க சொன்ன சாட்சி, சாவுக்கும் அஞ்சாதது. ஆயுதம்னு ஒண்ணும் அந்த லிஸ்ட்ல இல்ல. சாட்சிங்கிறதுக்கு கிரேக்கத்துல உள்ள வார்த்தைதான் பின்னால ரத்தசாட்சின்னு ஆச்சு. அதுக்கு நாம துருக்கிக்குப் போக வேண்டாம், ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு பஸ் இருக்கு. 1752 ஜனவரி 14ல, கிறிஸ்தவரா மாறின தேவசகாயம் பிள்ளைய சுட்ட இடம். சுட ஆர்டர் போட்டவங்கதான் அன்னைக்கு ஜெயிச்ச மாதிரி தெரிஞ்சிருக்கும். 2022 மே 15ல ரோம்ல அவர புனிதர்னு அறிவிச்சப்போ கோட்டாறுல வெடிச்சத்தம் கேட்டவங்களுக்குத் தெரியும் யாரு ஜெயிச்சான்னு.

கேள்வி: சூரியனை உடுத்தின ஸ்திரீ மாதாவா, சபையா?

எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி. 12ல வர்ற அவளுக்கு பன்னிரண்டு நட்சத்திரக் கிரீடம், அதனால இஸ்ரவேல் ஜனம், அப்புறம் சபைன்னு நான் சொல்லுவேன். ஆண்பிள்ளைய பெத்தவ யாரு, நீங்களே சொல்லுங்கன்னு வீட்டுக்காரி கேப்பா. அடையாளத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லன்னு ரெண்டு பேரும் சமாதானம் ஆயாச்சு.

கேள்வி: மகா பாபிலோன்னா எந்த நாடு?

அன்னைக்கு ரோம், 17:18 மகா நகரம்னே சொல்லுது. ஆனா எனக்கு பிடிச்சது 18ல வர்ற சரக்கு லிஸ்ட். பாபிலோன் விழுந்ததும் வியாபாரிங்க அழுறாங்க, எங்க சரக்க இனி யாரு வாங்குவான்னு. பொன், வெள்ளி, முத்து, பட்டு, யானைத்தந்தம், இலவங்கப்பட்டைன்னு போயிகிட்டே இருக்கு. அந்த முத்து எங்கே இருந்து போச்சுன்னு நினைக்கீங்க? முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வியாபாரி எழுதின கடல்வழிக் குறிப்புல நம்ம குமரி பேரே வருது, குளிச்சு விரதம் இருக்க ஆளு வர்ற இடம்னு. அதுக்கு அடுத்து கொற்கைய சொல்லுது, அங்க முத்துக்குளிக்க தண்டனைக் கைதிகள இறக்குறாங்கன்னு. இந்தியாவுக்கு வருஷத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸ் காசு போகுதுன்னு ரோம்ல பிளினிங்கிற எழுத்தாளர் புலம்பியிருக்காரு.

அப்போ ரோம்ல ஒரு சீமாட்டி கழுத்துல கிடந்த முத்துக்கு நம்ம பக்கத்து கடல்ல ஒரு கைதி மூச்ச அடக்கி முங்கியிருக்கான். யோவானுக்கு அவன் பேரு தெரியாது, ஆனா லிஸ்ட்டோட கடைசி சரக்கா என்ன எழுதியிருக்காரு பாருங்க, அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள். பொன்னுல ஆரம்பிச்ச பில்லு மனுஷன்ல முடியுது. எந்த நாடு பாபிலோன்னு தேடுறத விட்டுட்டு, நம்ம வீட்டுக்கு வர்ற சரக்கோட கடைசி வரியில யாரு இருக்கான்னு பாக்கலாம்.

கேள்வி: ஆயிர வருஷ அரசாட்சி?

கிறிஸ்து ஆயிரம் வருஷம் ஆளுவாருங்கிறது 20ஆம் அதிகாரத்துல மட்டும்தான் வருது, ஆறு ஏழு வசனம். அதுக்கு முன்னால இயேசுவோட வருகையா பின்னால வருகையான்னு சபை சபையா பிரிஞ்சு போயாச்சு. இது சபையோட காலத்தையே குறிக்கிற நிறைஞ்ச எண்ணுன்னு பழைய காலத்து ஆயர் அகஸ்டின் எழுதினாரு, நானும் அந்தப் பக்கம்தான். அடுத்த கேள்வி.

கேள்வி: வருகைக்கு தேதி ஏதாவது சொல்ல முடியுமா?

முடியாது. சொன்னவங்க பாடு தெரியும்ல. அமெரிக்காவுல மில்லர் ஆளுங்க 1844 அக்டோபர் 22ன்னு காத்திருந்தாங்க, 23 விடிஞ்சது. கேம்பிங்னு ஒருத்தர் 2011 மே 21ன்னு போர்டு வச்சாரு, 22ஆம் தேதி ஞாயித்துக்கிழமை, நான் வழக்கம் போல சண்டே ஸ்கூல் எடுத்தேன். 1999 டிசம்பர் கடைசியில எங்க தெருவுல மூணு நாள் இருட்டாகும்னு மெழுகுதிரி வாங்கி அடுக்கினாங்க, அது அப்புறம் கரண்ட் கட்டுக்குத்தான் உதவிச்சு. அந்த நாள் தனக்கே தெரியாதுன்னு இயேசு மாற்கு 13ல சொல்லுதாரு, அதுக்கு மேல என்ன.

கேள்வி: சாமித்தோப்புல சொல்ற தர்மயுகமும் இதுவும் ஒண்ணா?

பக்கத்து வீட்டு அண்ணன் ஐயாவழி, ஐயா வைகுண்டர் வழியில நடக்கிறவரு, அவரு கேட்டது. கலிய அழிச்சு தர்மயுகம் வரும்ங்கிறது அவங்க நம்பிக்கை, அதுக்கு அவங்களுக்குன்னு ஏடும் விளக்கமும் இருக்கு, நான் அத எடுத்து நம்மதோட ஒட்ட வைக்கிறது மரியாதை இல்ல. ஆனா மிதிபட்ட ஜனம் ரெண்டு பக்கமும் ஒரே மண்ணுல ஒரே நூற்றாண்டுல இது இப்படியே போகாதுன்னு நம்பியிருக்காங்க. அத நானும் அண்ணனும் திண்ணையில உக்காந்து பேசியிருக்கோம்.

கேள்வி: சின்னப் பிள்ளைங்களுக்கு இத சொல்லலாமா?

பயமுறுத்தி சொல்லாதீங்க, அவ்வளவுதான். வி.பி.எஸ்.ல (லீவுல நடக்கிற பைபிள் வகுப்பு) ஒரு தடவ ஒருத்தர் வந்து தலைவெட்டுற படம் காட்டி, எங்க கிளாஸ் பிள்ளை ஒண்ணு ஒரு வாரம் தனியா படுக்கல. நான் பிள்ளைங்க கையில கலர் பென்சில் கொடுத்து 21ஆம் அதிகாரத்து ஊர வரையச் சொல்லுவேன். பன்னிரண்டு வாசல், ஒண்ணும் பூட்டுறதில்ல. ஒரு பையன் வாசல்ல அவன் நாய வரைஞ்சான். 22:15ல நாய்கள் வெளியேன்னு இருக்கு, நான் அத அவன்கிட்ட சொல்லல.

கேள்வி: புது பூமியில சமுத்திரம் இல்லன்னு போட்டிருக்கே, அப்போ கடற்கரைக்காரங்க எங்க போவோம்?

இது சித்தி கேட்டது, வீட்டுக்காரியோட சித்தி. விளையாட்டா கேக்கல.

21:1ல "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று"ன்னு இருக்கு. மலைப்பக்கத்துல உக்காந்து வாசிக்கிற எனக்கு அது ஒரு வரி. கடல அம்மான்னு கூப்பிடுற ஜனத்துக்கு அம்மா இல்லாத சொர்க்கம் என்ன சொர்க்கம்? நான் எனக்குத் தெரிஞ்சத சொன்னேன். எபிரெய ஜனம் கடல்காரங்க இல்ல, அவங்களுக்கு கடல்னா குழப்பம், பயம், ஆதியாகமத்துல ஆரம்பிக்கிற இருட்டு ஆழம். இந்தப் புஸ்தகத்துல 13ல மிருகம் ஏறி வர்றதே கடல்ல இருந்துதான், ரோமாபுரி கப்பல் வந்ததும் அது வழியாத்தான், யோவானையும் அவரு சபையையும் பிரிச்சு வச்சதும் பத்முவ சுத்தின அதே தண்ணிதான். அந்தப் பயம் இனி இல்லங்கிறதுக்கு அது அடையாளம், மீனும் அலையும் இல்லன்னு அர்த்தம் இல்ல, 22ல ஜீவநதி ஓடுதேன்னு சொன்னேன்.

சித்தி சமாதானம் ஆகல. 2004 டிசம்பர் 26ல குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் பாத்தவங்க அவங்க. கடல் மேல உள்ள பயம் அவங்களுக்கு யாரும் படிச்சுக் கொடுக்க வேண்டாம். 2017 நவம்பர் 29 ராத்திரி ஒக்கி அடிச்சப்போ அவங்க மவன் ஆழ்கடல்ல போட்டுல இருந்தான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு எத்தனையோ வீட்டுக்கு ஆளும் வரல, உடம்பும் வரல. அவனும் அப்படித்தான். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூ வைக்கும்போது சித்திக்கு வைக்க இடம் இல்ல, கடல்ல போடுவாங்க. அந்தக் கடலும் இல்லாம போச்சுன்னா, மருமவனே, அவன் எங்கன்னு கேட்டாங்க.

அப்போதான் எனக்கு ஒரு பக்கம் முன்னால திருப்பத் தோணிச்சு. 20:13. "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." 21க்கு முன்னால 20. கடல் இல்லாம போறதுக்கு முன்னால அது வாங்கினத எல்லாம் திருப்பிக் கொடுத்தாகணும். மரணத்த விட, பாதாளத்த விட முன்னால முதல் பேரா கடல்தான் வருது அந்த வசனத்துல. நியாயத்தீர்ப்பு வசனம் அது, எல்லாரும் நடுங்கி வாசிக்கிற இடம். நான் சத்தமா வாசிச்சேன். சித்தி இன்னொரு தடவ வாசிக்கச் சொன்னாங்க. அவங்க பைபிள்ல திருவெளிப்பாடுன்னு இருக்கும், வார்த்தை கொஞ்சம் மாறும், விஷயம் அதேதான்னு அதையும் எடுத்துக் காட்டினேன். கண்ணாடி இல்லாம அவங்களுக்கு எழுத்து தெரியாது.

மாதா படத்துக்குப் பின்னால சொருகியிருந்த குருத்தோலையில ஒரு துண்டு கிழிச்சு எங்கிட்ட தந்தாங்க, அந்தப் பக்கத்துல வையின்னு.